கன்னம் வைத்துப் பார்த்த புல்

உத்தமபாளையத்துக்கு வெளியே கம்பம் சாலையில் நான் நர்சரி வைத்து இருபது வருடம் ஆகப்போகிறது. வீட்டு முன்னால் புல் போட வேண்டும் என்று வந்தவர்கள் நிறையப் பேர். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பார்க்க எப்படி இருக்கும்? அதைக் கேட்காதவர் ஒரே ஒருவர். அவர் கேட்டது வேறு.

"தம்பி, இதுல கன்னத்த வச்சுப் பாத்துக்கலாமா?"

சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். விரல்களில் சாக்பீஸ் மாவு, தோளில் கைப்பை. நான் தலையாட்டியதும் பையைக் கழற்றி வைத்துவிட்டு, கொரியன் புல் பாத்தியின் ஓரத்தில் மண்டி போட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு, வலது கன்னத்தைப் புல்மேல் வைத்தார். தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண்கள் இருவரும் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"குத்துது" என்று எழுந்துகொண்டார். அடுத்து மெக்சிகன் புல். அதில் ஒரு கன்னம், பிறகு சந்தேகம் தீரவேண்டும் என்பதுபோல் மறு கன்னம். "இது பரவால்ல."

"கையால தடவிப் பாத்தா போதாதா டீச்சர்?" என்றேன். சாக்பீஸைப் பார்த்து நானாகவே டீச்சர் என்று வைத்துக்கொண்டேன். கடைசிவரை அவரை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

"கை செத்துப்போச்சு தம்பி. சோப்புத் தண்ணியில கெடந்து கெடந்து, எதத் தொட்டாலும் மெத்துன்னுதான் இருக்குன்னு சொல்லும். கன்னந்தான் நெசத்தச் சொல்லும்."

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். மறுநாள் இடம் அளக்கப் போனபோது சிரிப்பு போய்விட்டது.

ஊரின் கடைசித் தெருவில் கடைசி வீடு. அதற்குப் பின்னால் திராட்சைத் தோட்டம், அதற்கும் பின்னால் மலை. வாசல் வராந்தாவிலிருந்து கேட் வரை நல்ல அகலமான சிமெண்டுத் தரை. அந்தச் சிமெண்டுமேல் ஒரு பையன் முழங்கைகளை ஊன்றி, வயிற்றால் நகர்ந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தான். கைகள் நல்ல பலமாக இருந்தன. கால்கள் இரண்டும் யாரோ பின்னால் கட்டி விட்டதுபோல் இழுபட்டு வந்தன. முழங்கைகளில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருந்தார்கள். அதற்கு மேலும் கீழும் தோல் காய்த்து, உரிந்து, மறுபடியும் காய்த்திருந்தது. ஒன்பது வயது. சகாயம் என்று பெயர். பேச்சு வராது. பிறக்கும்போதே மூளைக்கு மூச்சு போகாமல் இருந்துவிட்டது என்று டீச்சர் சொன்னார், வருகைப் பதிவேட்டில் இருப்பதைப் படிப்பதுபோல.

டீச்சரின் வீட்டுக்காரர் குமுளிக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டினார். சனிக்கிழமைதான் வருவார். பையனுக்குச் சனிக்கிழமை எது, மற்றக் கிழமை எது என்று தெரியாது. தோட்ட வேலைக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்புகிற எந்த ஜீப்பின் சத்தம் கேட்டாலும், அப்பாதான் என்று கேட்டுக்குக் கிளம்பிவிடுவான்.

"தூக்கிட்டுப் போனா அழுவான் தம்பி. அவனாத்தான் போகணும். ஒரு நாளைக்கு நாலு ஜீப்பு, அஞ்சு ஜீப்பு. நாலு தடவ, அஞ்சு தடவ தோல உரிச்சுக்கிட்டுப் போவான்."

சிமெண்டை உடைத்து அள்ளி, செம்மண்ணும் மணலும் போட்டு மெக்சிகன் புல்லைப் பதித்தேன். புல் வேர்விடுகிற வரைக்கும் அவனை உள்ளே வைத்துச் சமாளித்தார்கள். முதல்முதலாக இறக்கிவிட்ட அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். சகாயம் இரண்டு முழம் நகர்ந்தான். நின்றான். கைகளைப் பார்த்தான். பிறகு தலையைச் சாய்த்து முகத்தைப் புல்லில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான்.

"பாத்தீகளா" என்றார் டீச்சர். "அவனும் கன்னத்தத்தான் வைக்கிறான்."

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மறுபடி நர்சரிக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மேசைமேல் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு நெருஞ்சி முள். நுனியில் காய்ந்த ரத்தம்.

"உங்க மண்ணுல வந்தது தம்பி."

திட்டியிருந்தால் பதில் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. அந்தப் பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மறுநாள் ஒரு சல்லடையை எடுத்துக்கொண்டு போனேன். புல்லைப் பாளம் பாளமாகத் தூக்கி, அடியில் இருந்த மண் முழுவதையும் சலித்துவிட்டு மறுபடி பதித்தேன். அவரும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து சலித்தார். மதியச் சாப்பாடும் அவரே போட்டார். அன்று முதல் அந்த வீட்டுக்குப் போவது எனக்கு வேலையாகத் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் அவரைப் பற்றி எனக்குப் புரிந்துவிட்டது. எங்கே போனாலும் அந்த இடத்தில் எது குத்தும், எது கீறும், எது வழுக்கும் என்றுதான் அவருக்கு முதலில் தெரியும். பள்ளிக்கூடத்து பெஞ்சுகளில் துருத்திக்கொண்டிருந்த ஆணிகளை எல்லாம் அவரே சுத்தியல் கொண்டுவந்து அடித்து இறக்கியிருந்தார். மாதா கோயிலில் பூசை நேரத்தில் மகனைப் படுக்க வைக்க ஒரு கம்பளி கொண்டுபோவார். அதை விரிப்பதற்கு முன்னால் தரையைக் கையால் ஒரு முறை, முன்னங்கையால் ஒரு முறை தடவுவார். பெரியகுளத்தில் அவருடைய அக்கா வீடு கட்டிக் குடிபோன அன்று, எல்லோரும் வழுவழு டைல்ஸைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்க, இவர் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "பாத்ரூமுக்கு முன்னால வழுக்கும்க்கா" என்று சொல்லிவிட்டார். அக்கா ஒரு வருடம் பேசவில்லை.

என் மகள் பிறந்தபோது பார்க்க வந்தார். என் மச்சினன் வாங்கிப் போட்டிருந்த சட்டை, கழுத்தில் ஜரிகை வைத்தது. குழந்தையைக் கையில் வாங்கியவர் சட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினார். கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். என் மாமியார் பதறிப்போய், "என்னத்தா பண்றீக?" என்றார். பிடரியில் இருந்த லேபிளைத் தையல் தையலாகப் பிரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தன் உதட்டால் தொட்டுப் பார்த்தார். "நேத்துலருந்து இதுக்குத்தான் அழுதிருக்கா புள்ள" என்றார். உண்மைதான். முந்தின நாள் பூராவும் குழந்தை அழுதிருந்தது. வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இதெல்லாம் அன்பாகத்தான் இருந்தது. ஆனால் சில சமயம் பயமாகவும் இருக்கும். ஒரு கிறிஸ்துமஸுக்கு வராந்தாவில் கட்டியிருந்த நட்சத்திரம் காற்றில் அறுந்து விழுந்து, உள்ளே இருந்த குண்டு பல்பு புல்லில் சிதறிவிட்டது. காலையில் எனக்குப் போன் வந்தது. நான் போவதற்குள் ஒரு கட்டில் அகலத்துக்குப் புல்லை அவரே பெயர்த்துப் போட்டுவிட்டு, நான்கு விரற்கடை ஆழத்துக்கு மண்ணை அள்ளி மாவு சலிக்கிற சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகளில் எல்லாம் ரத்தம்.

"டீச்சர், கொஞ்ச நாளைக்கு அந்த மூலைக்கு மட்டும் அவன விடாம இருந்தாப் போதாதா?"

அவர் தலை நிமிரவில்லை. "அவனுக்கு இருக்கிறதே இந்த எடந்தான் தம்பி. இதுலயும் ஒரு மூலையக் காட்டி, அங்கன போகாதன்னு எப்படிச் சொல்றது?"

அந்தப் புல்லில் ஒரு தடம் இருந்தது. வராந்தாவின் சரிவிலிருந்து கிளம்பி, நடுவில் தண்ணீர்க் குழாயைச் சுற்றி இடது பக்கம் லேசாக வளைந்து, கேட்டில் போய் முடியும். ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு. தினமும் சாயங்காலம் ஜீப் சத்தத்துக்கு அவன் போய் வந்து போய் வந்து, அந்த இடத்தில் புல் படிந்து, வெளுத்து, அங்கங்கே மண் தெரியும். தொழிலுக்கு அது குறை. வருகிறவர்கள் பார்த்தால் என்னைத்தான் சொல்வார்கள். ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்று இரண்டு மூன்று முறை கேட்டேன். டீச்சர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றுவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நிஜமான ஜீப் வரும். தெருமுனையிலேயே ஹாரன் கேட்கும். அந்த மனிதர் கேட்டைத் திறந்ததும் மகனைத் தூக்க மாட்டார். சட்டையோடு புல்லில் அவன் பக்கத்தில் படுத்துக்கொள்வார். இரண்டு பேரும் மலையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். டீச்சர் வராந்தாவில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். உலகத்தில் அந்த ஒரு மணி நேரந்தான் அவர் எதையும் தடவிப் பார்க்காமல் சும்மா இருந்தது.

சகாயம் பத்தொன்பது வயதில் போனான். ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சளி, காய்ச்சல், நெஞ்சில் நீர். தேனிக்குக் கொண்டுபோன ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் நடந்ததை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. பெட்டியை இறக்கியாயிற்று. பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்துவிட்டு ஒதுங்கினார். ஆளுக்கு ஒரு பிடி மண் போட வேண்டும். டீச்சர் முன்னால் வந்து, குவித்திருந்த மண்மேட்டின் அருகில் மண்டி போட்டார். ஒரு பிடி எடுத்தார். போடவில்லை. அதிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். இன்னொரு கல். கட்டியை விரலால் நசுக்கிப் பொடியாக்கினார். ஒரு வேர்த் துண்டை எடுத்துப் போட்டார். குழி வெட்டியவர்கள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கற்கள் ஒரு சின்னக் குவியலாகச் சேர்ந்தன. கடைசியில் வீட்டுக்காரர்தான் குனிந்து அவர் தோளைப் பிடித்தார்.

"போதும்டி. பெட்டிக்குள்ளதான இருக்கான். குத்தாது."

"நெசமாவா?" என்று கேட்டார் டீச்சர்.

அவர் "நெசந்தான்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போய் என்ன பேசுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். ஒருநாள் அவரே நர்சரிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தடம் மூடிருச்சு தம்பி."

எனக்கு உடனே பிடிபடவில்லை.

"நான்தான் மூடுனேன். அவன் புல்லு காஞ்சிறக் கூடாதேன்னு தெனமும் தண்ணி ஊத்துனேன். போருல அர மணி நேரந்தான் தண்ணி வருது. துணி அலசுன தண்ணியக்கூட ஊத்துனேன். இன்னைக்குக் காலையில பாக்குறேன், எங்கன இருந்துச்சுன்னே தெரியல. ஒண்ணுபோல பச்சையா இருக்கு."

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தொழில் தெரிந்தவன் இல்லையா, விளக்கம் சொன்னேன். மிதிபடுவது நின்றுபோனால் பக்கத்துப் புல் கொடி விட்டு வந்து அடைத்துவிடும், தண்ணீரும் இருந்தால் ஒன்றரை மாதம் போதும் என்றேன். வகுப்பில் சரியாகப் பதில் சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆமா. அது புல்லோட கொணம். எடம் கெடச்சா ஓடி வந்து மூடிரும். அது மேல தப்பில்ல. எடுத்துருங்க."

"பூராவுமா?"

"பூராவும். தண்ணி கேக்காத செடியா வைங்க. இந்த மலையடிவாரத்துல தானா நிக்குமே, அந்த மாதிரி. வச்ச எடத்துல நிக்கணும். ஓடக் கூடாது."

"வீட்டுல அண்ணன்கிட்டச் சொல்லிட்டீகளா?"

"சொன்னா வேண்டாம்பாக."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

புல்லைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி எடுத்தோம். வண்டியில் ஏற்றும்போது டீச்சர், "இத வேற யாரு வீட்டுக்கும் போட்றாதீக" என்றார். போடவில்லை. நர்சரிக்குப் பின்னால் குவித்து வைத்தேன். ஒரு வாரத்தில் காய்ந்து கருகிவிட்டது.

அவர் பட்டியல் போட்டுச் சொன்ன செடி எதுவும் என் நர்சரியில் கிடையாது. ஆவாரை, தும்பை, துத்தி, நொச்சி, பிரண்டை. இதெல்லாம் நாற்றுப் பையில் தப்பி முளைத்தால் நாங்கள் பிடுங்கிப் போடுகிற சாதி. மண்வெட்டியோடு மலையடிவாரத்துப் பாறைக்காட்டுக்குப் போய் வேரோடு எடுத்து வந்தேன். தண்ணீர் விடுகிற பெண்களில் ஒருத்தி, "களையப் போயி வண்டி வச்சுக் கொண்டாந்திருக்காக பாரு" என்று மற்றவளிடம் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டீச்சர் பட்டியலில் கடைசியாக ஒன்று இருந்தது. கண்டங்கத்திரி. தரையோடு படர்ந்து கிடக்கும். இலை, தண்டு, காம்பு என்று உடம்பெல்லாம் ஊசி ஊசியாக முள்.

"டீச்சர், இது முள்ளுச் செடி" என்றேன். அந்த வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"தெரியும் தம்பி. இருக்கட்டும். இனிமே யாருக்குக் குத்தப் போகுது?"

நான் குழி வெட்டினேன். எங்கே வெட்ட வேண்டும் என்று அவர் கை காட்டிக்கொண்டே வந்தார். இங்கன ஒண்ணு, அங்கன ஒண்ணு, இன்னும் கொஞ்சம் தள்ளி. ஒழுங்கில்லாமல் காட்டுவதுபோல் இருந்தது. துக்கத்தில் இருப்பவர் என்று நானும் கேள்வி கேட்காமல் வெட்டினேன்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிகிற நேரத்தில் ஜீப் வந்து நின்றது. மகன் போன பிறகு அவர் ஹாரன் அடிப்பதில்லை. அதனால் கேட் திறக்கும் வரை எங்களுக்குத் தெரியவில்லை. வெறும் செம்மண்ணும் அங்கங்கே குச்சி குச்சியாக நிற்கிற செடிகளும். அவர் கேட்டைப் பிடித்தபடியே நின்றார்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

டீச்சர் கை மண்ணை முந்தானையில் துடைத்தார்.

"அவன் என்னப் பாக்க ஓடியாந்த எடம்டி இது. வாரத்துல ஒரு நாளு வந்து அதுல படுத்துட்டுப் போயிக்கிட்டிருந்தேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டியே."

டீச்சர் வாய் திறந்தால் வேறு ஏதோ வந்துவிடும் என்பதுபோல் உதட்டை மடக்கிக்கொண்டு நின்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். கையில் மண்வெட்டியோடு நின்றேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நீங்களாச்சும் சொல்லிருக்கலாம்ல தம்பி" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குள் போகாமலே ஜீப்பைத் திருப்பிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

மூன்று சனிக்கிழமை அவர் வரவில்லை.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. செடிகள் பிடித்தனவா என்று பார்க்கப் போனேன். ஆவாரை தளிர்விட்டிருந்தது. கண்டங்கத்திரி படர ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன். செடிகளுக்கு நடுவில் ஒன்றுமே இல்லாத ஒரு மண் வெளி, வராந்தாவிலிருந்து கேட் வரைக்கும்.

"டீச்சர், இதுல கல்லு பதிச்சுத் தந்துரவா? நடக்கத் தோதா இருக்கும்."

"அது நடக்கிற பாதை இல்ல தம்பி."

மறுபடி பார்த்தேன். அகலம் ஒரு ஆள் படுக்கிற அகலம். நடுவில் தண்ணீர்க் குழாயைச் சுற்றி இடது பக்கம் லேசாக வளைந்தது. ஒவ்வொரு குழியையும் வெட்டியவன் நான்தான். எனக்கே தெரியாமல் அதை வரைந்து வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் முள். தெரியாத ஆள்கூடக் குறுக்கே கால் வைக்க முடியாது.

டீச்சர் தன் வேலையைப் பார்க்கப் போனார். அது தினசரி வேலை என்று பிறகு தெரிந்தது. தடத்தின் ஓரத்தில் மண்டி போட்டு, உள்ளே முளைத்திருக்கிற புல்பூண்டுகளைக் கிள்ளி எடுப்பார். காற்றில் வந்து விழுந்த முள்ளைப் பொறுக்குவார். கடைசியில் குனிந்து கன்னத்தை மண்ணில் வைத்துப் பார்ப்பார். அன்றும் வைத்தார். எழுந்தபோது கன்னத்தில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை.

நாலாவது சனிக்கிழமை அவர் வீட்டுக்காரர் வந்தார். நான் அங்கே இல்லை. அவரே ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். கேட்டைத் திறந்ததும் பார்வை நேராக அந்தத் தடத்தின்மேல்தான் போனதாம். யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவன் கை ஊன்றி வந்த வளைவு எனக்குத் தெரியாதா என்றார். அதை மிதிக்காமல் காம்பவுண்டு சுவரை ஒட்டிச் சுற்றிப் போய் வராந்தாவில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாராம். டீச்சர் காப்பி போட்டுக் கொடுத்தாராம். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. "என்ன பேசுறது தம்பி?" என்றார்.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு வருகிற எல்லோருமே சுவரோரமாகத்தான் போனார்கள். தபால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பெரியகுளத்து அக்கா உட்பட. ஏன் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

தண்ணீர் ஊற்றாமலே அந்தச் செடிகள் நாலு கோடை தாங்கின. தெருவில் எல்லோர் வீட்டுப் புல்லும் பழுத்துக் கிடக்கும்போது அங்கே ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கும். பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "டீச்சர் வீட்டுல இருக்கிற மாதிரி வேணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வைத்துக் கொடுத்தேன். இன்று என் பிழைப்பில் பாதி அதுதான். கேட்கிறவர்களிடம் தண்ணீர் மிச்சம், பராமரிப்பு கிடையாது, நம்ம ஊர்ச் செடி என்று சொல்லுவேன். பராமரிப்பு கிடையாது என்று சொல்லும்போது மட்டும் தினமும் மண்டி போட்டுக் கிள்ளிக்கொண்டிருந்தவரின் முதுகு நினைவுக்கு வரும்.

போன மார்கழியில் டீச்சருக்கு வயிற்றில் வலி வந்தது. ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது, சொல்லவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனபோது டாக்டர்களிடம் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தைப் பொங்கலுக்கு முன்னால் கொண்டுவந்து, மகன் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம்.

அவர் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுவதை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். பங்குனியில் ஒருநாள் காலை நர்சரிக்கு வந்தார். நடையே மாறிப்போயிருந்தது.

"தம்பி, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போறீகளா? களை எடுக்கணும்னு பாக்குறேன். எது அவ வச்சது, எது தானா வந்ததுன்னு எனக்குத் தெரியல. தெரியாம எதையாச்சும் புடுங்கிறக் கூடாதுல்ல."

போனேன். தும்பை ஒன்று இருந்த இடத்தில் ஒன்பது இருந்தது. துத்தி சுவர் உயரத்துக்கு நின்றது. நான் கொண்டுவராத ஒரு நாயுருவி நடுவில் கதிர்விட்டிருந்தது. முதல் ஆவாரை எது, அதன் விதையில் வந்தது எது என்று பார்த்தேன். அடித்தண்டைப் பார்த்துச் சிலதைச் சொல்ல முடிந்தது. மற்றதெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

"எனக்கும் தெரியலண்ணே."

அவர் தலையாட்டினார். தடத்தின் ஓரமாக மெதுவாக நடந்துவந்து குழாய்ப் பக்கத்தில் நின்றார். அங்கே மண் வெறுமையாக இல்லை. மூன்று மாதமாக யாரும் கிள்ளவில்லை. சின்னச் சின்னத் தும்பைகள், விரல் நீளத்துக்கு ஒரு ஆவாரங்கன்று. இரண்டே இரண்டு ஜோடி இலை விட்டிருந்தது.

"இது தானா வந்ததுதான?"

"ஆமாண்ணே. இது தானா வந்தது."

சிரமப்பட்டுக் குந்தினார். அந்தக் கன்றின் தண்டை இரண்டு விரலால் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள்.

"அவ இருந்தா இந்நேரம் கிள்ளிப் போட்டிருப்பா" என்றார்.

"ஆமாண்ணே."

"வர்ற மழைக்கு விட்டா மூடிரும்ல?"

"மூடிரும்ணே. ஒரே மழையில மூடாது. ரெண்டு மழைக்கு மூடிரும்."

அவர் அந்தக் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்களை எடுத்தார். தண்டில் பட்டிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"இருக்கட்டும் தம்பி. எல்லாம் இருக்கட்டும்."

என் கையைப் பிடித்து எழுந்துகொண்டார். "வாங்க, காப்பி போடுறேன். இப்பத்தான் போடப் பழகிருக்கேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். சுவரை ஒட்டி, சுற்றித்தான் போனார். நானும் அவர் பின்னாலேயே சுவரோரமாக நடந்தேன்.